60,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. பள்ளிக்கூட ஒயரிங் யார் பொறுப்பு?

பிறைக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

பினாங்குல, பிறை தொழிற்பேட்டையில உலோகப் பாகம் அச்சடிக்கிற ஒரு தொழிற்சாலையில, எச்.ஆர். பிரிவுல பதினோரு வருஷமா இருக்கேன். ஆளுங்க முந்நூத்துச் சொச்சம். பங்குச் சந்தையில இல்லாத கம்பெனி. பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவுல பாயான் லெப்பாஸ்ல இருக்குற பெரிய கம்பெனிகளுக்குத்தான் எங்க சரக்கு போகுது.

போன மாசம் எம்.டி. கூப்பிட்டார். "இந்த வருஷம் சி.எஸ்.ஆருக்கு (கம்பெனியோட சமூகப் பணிக்கு) அறுபதாயிரம் ஒதுக்கியிருக்கேன். உருப்படியா ஏதாச்சும் செய். போட்டோ நல்லா வரணும்"னார். மனுஷன் கெட்டவர் இல்ல, கோவிட் சமயத்துல ஒருத்தரைக்கூட வேலையை விட்டு நிறுத்தல. ஆனா வாடிக்கையாளர் கம்பெனி வருஷா வருஷம் அனுப்புற கேள்வித்தாள்ல "சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்"னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பியாகணும்.

நாலு வருஷத்துக்கு முன்ன இதே மாதிரி ஒரு கட்டத்தை நிரப்ப, பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒண்ணுக்கு இருபது பழைய கணினி கொடுத்தோம். நான்தான் ஏற்பாடு. கம்பெனி லாரியில ஏத்தி, ரிப்பன் வெட்டி, பிள்ளைங்களுக்கு மீ கோரெங்கும் சிராப்பும் கொடுத்து, முகநூல்ல படம் போட்டு எல்லாம் ஆச்சு. போன வாரம் மறுபடி அங்க போனேன். பதினாறு கணினி துணி போட்டு மூடிக் கிடக்கு. தலைமையாசிரியர் சங்கடத்தோட சொல்றார்: "நாலுக்கு மேல போட்டா ட்ரிப் ஆகுதும்மா. அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா வந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்." எனக்கு எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு.

அது பழைய தோட்டப் பள்ளி. நிலம் அரசாங்கத்தோடது இல்ல, அதனால அரசாங்கத்தோட பகுதி உதவி மட்டும் வாங்குற பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம். கட்டடத்தைப் பத்திக் கேட்டா மாவட்டக் கல்வி இலாகா, பள்ளியோட மேலாளர் வாரியத்தைக் கை காட்டுது, வாரியம் பெற்றோர் ஆசிரியர் (பெ.ஆ.) சங்கத்தைக் காட்டுது, சங்கத்துக் கணக்குல மூவாயிரத்துச் சொச்சம். நாலு வருஷத்துல வெளியாளுங்க மூணு தரம் வந்து பெயிண்ட் அடிச்சுக் கொடுத்திருக்காங்க. ஒரு தரம் வங்கி, ஒரு தரம் ஏதோ சங்கம், ஒரு தரம் தேர்தல். சுவர்ல பெயிண்ட் கனம் கூடிக்கிட்டே போகுது, உள்ள ஒயர் எங்க அப்பா காலத்து ஒயர்.

ஒயரிங் முழுசா மாத்த ஒருத்தர் 48,000 வெள்ளின்னு விலை சொல்லியிருக்கார். கொடுக்கலாம்னு எனக்கு ஆசை. வீட்டுக்காரர், "அப்புறம் வரி எதுக்குக் கட்டுறோம்? நீங்க செஞ்சா அரசாங்கம் இன்னும் சாவகாசமா உட்கார்ந்துக்கும்"ங்கிறார். எம்.டி.யோ, "ஒயரைப் போட்டோ எடுக்க முடியாதே"ங்கிறார். ரெண்டுமே தப்புன்னு சொல்ல முடியல.

என் கேள்வி இதுதான்: இதுல அரசாங்கத்தோட வேலை எங்க முடியுது, கம்பெனி வேலை எங்க ஆரம்பிக்குது? இந்தியாவுல மாதிரி இவ்வளவு கொடுத்தே ஆகணும்னு இங்கயும் சட்டம் இருந்தா நல்லா இருக்குமா?

(சம்பந்தமில்லாத இன்னொண்ணு. எங்க துப்புரவு வேலை குத்தகைக்காரர் கையில. அந்த ஆளுங்க பட்டர்வொர்த்ல ஒரு கடைவீட்டு மாடியில தங்கியிருக்காங்க. அதுல ஒரு அக்கா போன வாரம், "மெத்தை பழசு ஏதாவது ஸ்டோர்ல இருக்கா மேடம்"னு கேட்டாங்க. சி.எஸ்.ஆர். காசுல பத்து மெத்தை வாங்கிக் கொடுக்கலாமான்னும் யோசிக்கிறேன்.)

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரி முகவர் என்ற முறையில் சில விஷயங்கள். நல்ல மனசு இருந்தும் கணக்கில் கோட்டை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவில் "இவ்வளவு கொடு" என்று எந்தக் கம்பெனியையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2006-ல் பங்குச் சந்தையான புர்சா மலேசியா ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சுற்றுச்சூழல், சமூகம், வேலையிடம், சந்தை என்று நாலு பிரிவு. பிறகு பட்டியலிட்ட கம்பெனிகள் ஆண்டறிக்கையில் தங்கள் சமூகப் பணியை எழுத வேண்டும், எதுவும் செய்யாவிட்டால் செய்யவில்லை என்றாவது எழுத வேண்டும் என்று விதி வந்தது. 2015-ல் அது நீடித்த நிலைத்தன்மை அறிக்கையாக விரிந்தது. அதாவது நம் அரசு எடுத்துக்கொண்ட வேலை கம்பெனியின் பையில் கை விடுவது அல்ல, கம்பெனியைப் பேச வைப்பது. உங்களுடையது பட்டியலிடாத கம்பெனி, அந்தக் கடமையும் கிடையாது. உங்களைப் பேச வைப்பவர் வாடிக்கையாளர்தான்.

அரசின் இன்னொரு கை வரி. 1967 வருமான வரிச் சட்டத்தில் இரண்டு வாசல் உண்டு. 44(6) என்பது அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடை. கம்பெனிக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு. 34(6)(எச்) என்பது கல்வி, சுகாதாரம், வீடமைப்பு போன்ற சமூகத் திட்டங்களுக்கான செலவு. அதற்கு நிதியமைச்சரின் அங்கீகாரம் முன்கூட்டியே வேண்டும். பெ.ஆ. சங்கம் ரசீது கொடுத்தால் போதும், கழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். யார் பெயரில் ரசீது, அந்தப் பெயருக்கு அங்கீகாரம் உண்டா என்று காசோலை எழுதும் முன் பாருங்கள். எழுதிய பிறகு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரு தே தாரிக் தேநீர் மட்டும்தான் வாங்கிக் கொடுக்க முடியும்.

"அரசாங்கம் சாவகாசமா உட்கார்ந்துக்கும்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு ஒரு பதில்: கழிவு கிடைத்தால் உங்கள் 48,000-இல் ஒரு பங்கு அரசு விட்டுக்கொடுத்த வரிதான். முழுக்க உங்கள் காசு இல்லை.

—

ஓய்வு வாத்தியார் எழுதியது:

அம்மா, முப்பத்தோராண்டு தமிழ்ப்பள்ளிகளில் இருந்தவன் நான். அதில் பாதி தென் செபராங் பிறைத் தோட்டங்களில். உங்கள் கேள்வி புதிதன்று. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வைப்பதற்கு வெகுநாள் முன்பே நம் பாட்டன்மார் அதற்குள்தான் குடியிருந்தார்கள்.

மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். காகிதத்தில் எவ்வளவு அழகு! நடந்தது என்ன? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒரு மூலை, கோயில் திண்ணை, தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. எழுத்துக்கூட்டத் தெரிந்த கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோ வாத்தியார். பள்ளி வைத்தாயா என்றால் வைத்தேன். எப்படி வைத்தாய் என்று கேட்க ஆள் வரவில்லை. தோட்டத் துரைக்கும் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்காக அன்று. பிள்ளை இங்கே படித்தால் தாய் தகப்பன் தோட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள், பால்மரம் நாளைக்கும் சீவப்படும்.

ஆகவே சட்டம் வந்தால் சரியாகிவிடுமா என்பவர்களிடம் அந்தத் தகரக் கொட்டகையைத்தான் காட்டுவேன். சட்டமே வேண்டாம் என்பவர்களிடமும் அதையேதான் காட்டுவேன். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் கொட்டகையும் இருந்திராது, நான் வாத்தியாராகியும் இருக்கமாட்டேன்.

இன்று பத்து காவான் என்ற ஊரின் தோட்டம் தொழிற்பேட்டையாகிவிட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் குளிரூட்டிய தொழிற்சாலைகள். தோட்டக் கம்பெனி போன இடத்தில் மின்னணுக் கம்பெனி. பள்ளிக்கூடம் மட்டும் பழைய கம்பெனி விட்டுப்போன சிக்கலோடு நிற்கிறது: நிலம் யாருடையது?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கணினி கொடுக்கும்முன் மின்சாரம் தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொடுக்க வந்தவர் முகம் வாடக்கூடாதென்று நாங்கள் எதையும் வாங்கிக்கொள்வோம். என் பள்ளிக்கு ஒருமுறை பியானோ வந்தது. பத்தொன்பது பிள்ளைகள் படித்த பள்ளி. அதன்மேல் பரீட்சைத் தாள் அடுக்கி வைத்திருந்தோம்.

—

பிறைக்காரி எழுதியது:

கோபமெல்லாம் இல்ல சார். உண்மைதான், நான் கேட்கல. பியானோ கதையை எம்.டி.கிட்ட சொல்லியிருக்கேன். சிரிச்சுட்டு, "நாம கொடுத்த கணினியும் அதே மாதிரியா?"ன்னு கேட்டார். பதில் சொல்லாம ஃபைலைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

—

ஆறுவருஷம்_சென்னையில் எழுதியது:

இந்தியச் சட்டத்தைப் பத்திக் கேட்டிருந்தீங்க. ஜார்ஜ்டவுன்ல பிறந்து, கம்பெனி அனுப்பி ஆறு வருஷம் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலை நிர்வாகத்துல இருந்தவன் நான். பார்த்ததைச் சொல்றேன்.

2013 கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. 2014 ஏப்ரல்ல இருந்து நடப்புல இருக்கு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், இல்லேன்னா விற்றுமுதல் 1,000 கோடி, இல்லேன்னா நிகர லாபம் 5 கோடி, இதுல ஒண்ணைத் தொட்டா போதும். முந்தின மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 விழுக்காடு செலவழிக்கணும். ஆரம்பத்துல செலவழிக்கலேன்னா காரணம் எழுதினாப் போதும். 2021-ல பிடி இறுகிடுச்சு. நடந்துக்கிட்டிருக்குற திட்டம்னா மீதிக் காசைத் தனிக் கணக்குல போட்டு மூணு வருஷத்துக்குள்ள முடிக்கணும், இல்லேன்னா அரசாங்க நிதிக்குக் கட்டணும். தவறினா அபராதம்.

நல்லது: பணம் நிஜமாவே வெளிய வந்துச்சு. எங்க தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிராமத்துல ரெண்டு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை வந்துச்சு, தண்ணியோட வந்துச்சு. தண்ணியோடங்கிறதை அழுத்திச் சொல்றேன்.

கெட்டது: மார்ச் மாசம். அங்க நிதியாண்டு மார்ச் 31-ல முடியுது. பிப்ரவரி வரைக்கும் தூங்கிட்டு, கடைசி ஆறு வாரம் யாருக்காவது எதையாவது கொடுத்துடணும்னு ஓட்டம். தொண்டு நிறுவனத்துக்காரங்க எங்க வாசல்ல நிக்கிறது போய், நாங்க அவங்க வாசல்ல நின்னோம். அப்புறம் காசு போற இடம். தொழிற்சாலை எங்க இருக்கோ அங்கதான் போகும். மகாராஷ்டிரா, கர்நாடகா, தமிழ்நாடு, குஜராத்துக்கு நிறைய. வடகிழக்கு மாநிலங்களுக்குச் சொட்டு. தேவை எங்க அதிகமோ அங்க கம்பெனி குறைவு. சட்டத்தால அதை மாத்த முடியல.

இன்னொரு வேடிக்கை. அங்க சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்யுற செலவு சி.எஸ்.ஆர். கணக்குல வராது. ரொம்ப சரியான விதி. உங்க கடைசிப் பத்தியைப் படிச்சப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு.

—

நைட்ஷிப்ட் எழுதியது:

எல்லாரும் பெரிய விஷயமாப் பேசுறீங்க. நான் அந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்குற மெத்தையைப் பத்திப் பேசுறேன். அதைப் போய் சம்பந்தமில்லாததுன்னு எழுதியிருக்கீங்களே அக்கா.

மெத்தை தர்மம் இல்ல. சட்டம். தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446-வது சட்டம்னு எச்.ஆர்.ல இருக்குற உங்களுக்குத் தெரியாம இருக்காது. 1990-ல இருந்து இருக்கு, முன்ன தோட்டம், சுரங்கம் மாதிரி இடத்துக்குத்தான். 2019-ல திருத்தி, 2020 ஜூன்ல இருந்து எல்லாத் துறைக்கும். அமலாக்கம் அந்த வருஷம் செப்டம்பர்ல இருந்து. தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகா சான்றிதழ் வேணும். மெத்தை நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பூட்டு போட்ட அலமாரி வேணும். சாதாரண வீடு, கடைவீடுன்னா ஒரு ஆளுக்குப் படுக்க 3.6 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. மீறினா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம். உங்க சி.எஸ்.ஆர். பட்ஜெட்டும் கிட்டத்தட்ட அதேதான், கவனிச்சீங்களா?

குத்தகைக்காரர்தான் முதலாளி, நீங்க இல்லன்னு சட்டம் சொல்லும். சரி. ஆனா குத்தகைக்காரருக்கு நீங்க மாசம் எவ்வளவு கொடுக்குறீங்க? அந்தக் காசுல நாலு அங்குல மெத்தை வருமா? கொட்டேஷன்ல ஆகக் குறைஞ்ச விலை போட்டவருக்குக் குத்தகையைக் கொடுத்துட்டு, அவரோட ஆளுங்களுக்கு மெத்தை தானம் பண்ணி அதையும் போட்டோ எடுத்தா, அக்கா, அதுக்கு என்ன பேரு?

அரசாங்கம் கேட்கலேன்னா யாரும் கேட்க மாட்டாங்கன்னும் நினைக்காதீங்க. 2020 ஜூலையில டாப் கிளவ்ங்கிற கையுறைக் கம்பெனியோட துணை நிறுவனங்க சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்திச்சு. அதே வருஷம் எஃப்.ஜி.வி., அப்புறம் சைம் டார்பி பிளாண்டேஷன், இந்த ரெண்டு தோட்டக் கம்பெனிங்க பாமாயில். கட்டாய வேலை அறிகுறிதான் காரணம். அந்தக் கம்பெனிங்க ஆண்டறிக்கையில சமூகப் பணிப் படம் இல்லாமலா இருந்துச்சு? கடைசியில டாப் கிளவ், தன் ஆளுங்க வேலைக்கு வர ஏஜென்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்துச்சு. 2021 செப்டம்பர்ல தடை நீங்கிச்சு. இங்க இருக்குற சட்டத்தை இங்கயே ஒழுங்கா அமல்படுத்தியிருந்தா அமெரிக்காக்காரன் வந்து சொல்ல வேண்டியதில்ல. அரசாங்கத்தோட வேலை எதுன்னு கேட்டீங்க. முதல் வேலை அதுதான், அதிகாரியை அனுப்பிக் கதவைத் தட்டுறது.

கம்பெனியும் அரசாங்கமும் சேர்ந்து ஒண்ணுமே உருப்படியா செஞ்சதில்லன்னு நான் சொல்லல. நான் பாயான் லெப்பாஸ்ல பி.எஸ்.டி.சி.ங்கிற தொழிற்பயிற்சி நிலையத்துல படிச்சவன். 1989-ல ஆரம்பிச்ச இடம். மாநில அரசாங்கம் இடத்துக்கு வழி பண்ணுச்சு, கம்பெனிங்க மெஷினும் பயிற்சியாளரும் கொடுத்தாங்க, என்ன சொல்லித் தரணும்னும் அவங்களே சொன்னாங்க. ஏன்னா அவங்களுக்கு ஆள் வேணும். எஸ்.பி.எம். பரீட்சையில கணக்குல கோட்டை விட்ட என்னை மாதிரி பசங்களுக்குச் சோறு போட்டது அது. அதை யாரும் தர்மம்னு சொல்லல, எங்களுக்கும் கும்பிடு போட வேண்டியிருக்கல.

இப்ப ஒயரிங். நான் பராமரிப்புப் பிரிவு, அதனால சொல்றேன். 48,000-ன்னு சொன்னவர் டெஸ்ட் பண்ணிப் பார்த்துச் சொன்னாரா, இல்ல நடந்து பார்த்துச் சொன்னாரா? உங்க தொழிற்சாலையில மின்சாரத்தைப் பார்த்துக்குற சார்ஜ்மேன் இருப்பார். சம்பளத்தோட ஒரு சனிக்கிழமை அனுப்புங்க. மின்சாரத்தைப் பிரிச்சு அனுப்புற டி.பி. பெட்டியைத் திறந்து பார்த்தா எது கெட்டிருக்குன்னு தெரிஞ்சுடும். மாத்துறதுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கும் எரிசக்தி ஆணையத்துல பதிவான ஒயர்மேன் வேணும், அதுல குறுக்கு வழி வேணாம். பிள்ளைங்க இருக்குற இடம்.

—

பிறைக்காரி எழுதியது (மூணு வாரம் கழிச்சு):

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நைட்ஷிப்ட் தம்பி எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரல.

எங்க சார்ஜ்மேன் சீனர், ஓய்வு வயசுக்குக் கிட்ட. சொன்னதும் கிளம்பிட்டார். ஒரு சனிக்கிழமை போதல, ரெண்டு ஆச்சு. முழுக்க மாத்த வேண்டியதில்லையாம். ஒரு பிளாக்தான் மோசம். அங்கதான் கணினிக் கூடம். மின்கசிவு வந்தா கரண்டை வெட்டுற இ.எல்.சி.பி. வேலையே செய்யலன்னு காட்டினார். அதாவது கணினி வேணாம், சும்மா ஃபேன் சுவிட்சுலயே பிள்ளைங்களுக்கு ஷாக் அடிச்சிருக்கலாம். இத்தனை பேர் பெயிண்ட் அடிச்சாங்களே, யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கல. ஒயர்மேன் வந்து பார்த்து அந்த பிளாக்குக்கு மட்டும் 19,500 சொல்லியிருக்கார்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி ரசீது விஷயத்தை முதல்ல கேட்டேன். பெ.ஆ. சங்கத்துக்கு அங்கீகாரம் இல்ல. வரிக் கழிவு இல்லாமத்தான் போகும்னு எம்.டி.கிட்ட சொன்னேன். முகத்தைச் சுளிச்சார், கையெழுத்துப் போட்டார். மேலாளர் வாரியம், தலைமையாசிரியர், நாங்க மூணு தரப்பும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, சார்ஜ்மேன் குறிப்போட மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கொடுத்திருக்கோம். மோசமான பிளாக்கை நாங்க செய்யுறோம், மத்த ரெண்டு பிளாக்கையும் பராமரிப்பு ஒதுக்கீட்டுல சேருங்கன்னு கேட்டிருக்கோம். காகிதத்துல எழுதி முத்திரை வாங்கியாச்சு. வீட்டுக்காரர், "பார்ப்போம்"ங்கிறார். அவர் பார்ப்போம்னா நம்பலன்னு அர்த்தம்.

மெத்தை விஷயம். குத்தகைக்காரர்கிட்ட தங்குமிடச் சான்றிதழ் நகல் கேட்டேன். "இருக்கு, அனுப்புறேன்"னார். ரெண்டு வாரமா புலனத்துல நீல டிக் மட்டும்தான் வருது. அதுக்குள்ள பழைய கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். மூணு வருஷமா நாங்க விலையை ஏத்தவே இல்ல. நடுவுல குறைந்தபட்சச் சம்பளம் 1,500-ல இருந்து 1,700 ஆயிருக்கு. அந்த இருநூறு எங்கிருந்து வந்திருக்கும்னு உட்கார்ந்து யோசிச்சேன். அந்தக் கொட்டேஷனை அன்னிக்குத் தேர்ந்தெடுத்து எம்.டி. மேசையில வெச்சதே நான்தான். புது குத்தகைக் கணக்கு போட்டு எடுத்துட்டுப் போனேன். மாசம் 2,800 கூடுது. "இது சி.எஸ்.ஆர்.லயா வரும்?"னார். வராது, சாதாரணச் செலவுதான்னேன். இன்னும் பதில் சொல்லல. மேசை மேலதான் இருக்கு.

அந்த அக்காவோட நாளைக்குச் சாயந்தரம் அந்த மாடிக்குப் போறேன். அளக்குற டேப் எடுத்துட்டுப் போகச் சொல்லி சார்ஜ்மேன் கொடுத்திருக்கார்.

போட்டோ கேட்டீங்கன்னா, எம்.டி.க்கு டி.பி. பெட்டியைத் திறந்து வெச்சு ஒரு படம் அனுப்பினேன். "இதுல நம்ம லோகோ எங்க ஒட்டுறது?"ன்னு கேட்டார்.